ஒரே கைப்பேசிக்கு ஏன் இத்தனை பெயர்?

கேள்வி: கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா மின்னணுக் கடைவளாகத்தில் பழைய கைப்பேசி தேடும்போது ஓடூ எக்ஸ்டிஏ மினி எஸ், ஐ-மேட் கே-ஜாம் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. எது போலி?

இரண்டுமே அசல். ஓடூ ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம்; ஐ-மேட் பிறர் செய்த கைப்பேசியைத் தன் பெயரில் விற்ற நிறுவனம். தைவானின் எச்டிசி 2005இல் செய்த ‘விசார்ட்’ என்ற ஒரே கருவிதான் அது. அமெரிக்காவில் சிங்குலர் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் அதுவே சிங்குலர் 8125. அப்போது எச்டிசி பிறருக்குச் செய்துகொடுக்கும் நிறுவனம்; சொந்தப் பெயரை முன்வைத்தது 2006இல்தான்.

அப்போது தொலைத்தொடர்பு நிறுவனம் மொத்தமாக வாங்கி, ஒப்பந்தத்தோடு விலை குறைத்துத் தந்தது. பணம் போட்டவர் பெயர் மூடியில் ஏறியது. பெயர் வேறானதால் அடுத்த நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடுவதும் கடினமாக இருந்தது. என் பார்வையில் முக்கியக் காரணம் வேறு: பின்னாளில் தயாரிப்பாளரை மாற்றினாலும் எக்ஸ்டிஏ என்ற பெயர் ஓடூவிடமே இருந்திருக்கும், வாடிக்கையாளரும் அங்கேயே இருந்திருப்பார்.

வாங்குமுன் பேட்டரியைக் கழற்றி லேபிளைப் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (கருவியின் அடையாள எண்) லேபிளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டதும் சிம்மின் பின் எண் அல்லாமல் திறப்பு எண் கேட்டால், கருவி ஒரே நிறுவனத்தின் சிம்முக்கென்று பூட்டப்பட்டது.

பேட்டரி ஒன்றுக்கொன்று பொருந்தும், ரோம் (கருவியை இயக்கும் மென்பொருள் தொகுப்பு) அப்படியல்ல. கேமரா பொத்தானை அழுத்திக்கொண்டே ரீசெட் குழியைக் குத்தினால் மூவண்ணத் திரை வரும். அதிலுள்ள ஐபிஎல், எஸ்பிஎல் (கருவியைத் தொடக்கிவைக்கும் நிரல்கள்) பதிப்பு எண்கள் .0001 என்று முடிந்தால் அது ஜி4 வகை, இல்லையேல் ஜி3; இவை விசார்டின் உள்ளமைப்பு வகைகள், 3ஜி, 4ஜி இணைப்பு அல்ல. ஜி3 வகையின் ஐபிஎல், எஸ்பிஎல் அடங்கிய ரோமை அதில் ஏற்றினால் கருவி மறுபடி உயிர்பெறாது.