தினம் ஒரு பாட்டு: உங்களுக்கு ஸ்கேன் வேண்டாம், அம்மாவுக்கு ஆடியோகிராம் வேண்டும்

கேள்வி: எனக்கு 46 வயது. பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். நாலைந்து மாதமாகக் காலையில் கண் விழிக்கும்போதே தலைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் சினிமாப் பாட்டு, மறுநாள் ஐயப்பன் பாட்டு, அதற்கு மறுநாள் ஏதோ சோப்பு விளம்பரம். பள்ளிக்கூட நாட்களோடு மறந்துபோன பாட்டெல்லாம் வருகிறது. தோட்டத்துக்குப் போய் ஆள் கணக்கு எடுக்கும் வரை விடுவதில்லை. மூளையில் கட்டி இருந்தால் இப்படி வரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மதுரைக்குக் கூட்டிப்போய்த் தலை ஸ்கேனை 7,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறாராம். எடுக்கலாமா? அம்மாவுக்கும் (வயது 72) இதே தொந்தரவு உண்டு. ராத்திரியில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகிறார். பரம்பரை வியாதியா? அம்மாவுக்கு அடுத்த வாரம் மண்டபத்தில் நடக்கும் இலவசக் காது முகாமில் மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறோம்.

பதில்: ஸ்கேன் வேண்டாம். பரம்பரை வியாதியும் இல்லை. நீங்கள் சொல்வதும் அம்மா சொல்வதும் ஒரே தொந்தரவே இல்லை. கடிதத்தில் உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு அம்மாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரான எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியம். ஆனாலும் உங்கள் கவலையை முதலில் முடித்துவிடுவோம்.

பாட்டு தலைக்குள் சிக்கிக்கொள்வது நோய் இல்லை. பின்லாந்தில் 12,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி நடக்கிறது என்றார்கள். முழுப் பாட்டும் வருவது அபூர்வம். பல்லவியில் ஒரு துண்டு, அதிலும் நமக்குப் பிடிபட்ட இரண்டு வரி, தேய்ந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப ஓடும். மூளைக்குக் கவனமாகச் செய்ய வேலை எதுவும் இல்லாத நேரத்தில்தான் இது வரும். நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, குளிக்கும்போது. கண் விழித்துப் போர்வைக்குள்ளேயே கிடக்கும் ஐந்து நிமிடத்தை விடத் தோதான நேரம் வேறு எது? ஆள் கணக்கு எடுக்கத் தொடங்கியதும் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டியால் வருவது மஸ்டர் நோட்டைப் பார்த்ததும் ஓடிப்போகாது.

தினம் வேறு வேறு பாட்டு வருவதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது. எனக்கு அதுதான் தைரியம் தருகிறது. முந்தின நாள் காதில் விழுந்தது, கண்ணில் பட்ட ஒரு வார்த்தை, ஒரு முகம், மனநிலை என்று எதுவும் ஒரு பாட்டைக் கிளப்பிவிடும். வத்தலக்குண்டு பஸ்ஸில் டிரைவர் போட்ட பாட்டு உங்கள் நினைவில் இல்லாமல் இருக்கலாம்; மூளை அதைக் கேட்டிருக்கும். தினம் கேட்பது மாறுகிறது, வருவதும் மாறுகிறது. பள்ளிக்கூட நாட்களின் பாட்டும் அப்படித்தான். ஏதோ ஒரு வாசனையோ பெயரோ இழுத்து வெளியே போட்டிருக்கும். எது இழுத்தது என்று பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

இரவில் என்ன கேட்டுக்கொண்டு தூங்குகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் பக்கம் பலர் கோடை பண்பலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். இப்போது அந்த இடத்தில் போன் இருக்கிறது. பாட்டு வரிகள் தூக்கத்தைக் கெடுக்கும், வெறும் புல்லாங்குழலோ வீணையோ என்றால் நல்லது என்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 50 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவு நேர்மாறாக இருந்தது: தெரிந்த பாட்டை வரி இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு அதிகமாக ஒட்டிக்கொண்டது, தூக்கமும் அவர்களுக்குத்தான் கெட்டது. தூங்கிய பிறகும் மூளை பாட்டை விடவில்லை. ஆகவே படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பாட்டை நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியலாம்.

காலையில் வந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வரக்கூடாது என்று நினைக்க நினைக்க வரும். அந்தப் பாட்டை ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிடுங்கள். அரைகுறையாக நிற்பதால்தான் சுற்றுகிறது என்று ஒரு கருத்து உண்டு, பலருக்கு இது பலிக்கிறது. இல்லாவிட்டால் பேப்பரில் குறுக்கெழுத்தோ சுடோகுவோ போடுங்கள். ரொம்பச் சுலபமாகவும் இருக்கக்கூடாது, மண்டை காய்கிற அளவுக்கும் போகக்கூடாது. இரண்டிலும் மனம் அலைபாயும், பாட்டு திரும்ப வந்துவிடும். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2015-ல் சூயிங்கம் மென்றால் குறைகிறது என்று காட்டினார்கள். நாம் மனதுக்குள் பாடும்போதும் வாய்த் தசைக்கு அதில் கொஞ்சம் பங்கு உண்டு. அதை மெல்லுவதில் மாட்டிவிட்டால் பாட்டு தடுமாறுகிறது. சரி, அவர்கள் சோதித்தது சூயிங்கத்தை. இதைச் சாக்காக வைத்து வெற்றிலையும் புகையிலையுமாகப் போட ஆரம்பித்துவிட்டு டாக்டர் சொன்னார் என்று சொல்லாதீர்கள்.

இப்போது அந்த ‘தெரிந்தவர்’. இவரை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊர் ஆளைத் தெரியாது, அந்த வகையைத் தெரியும். மலையடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். முன்பு லாட்ஜுக்கு ஆள் பிடித்தவர், நிலத்துக்குத் தரகு பார்த்தவர். இப்போது ஸ்கேனுக்கு ஆள் பிடிக்கிறார். முதலில் ‘கட்டி’ என்ற வார்த்தையைக் காதில் போடுவார். இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்துவிட்டு மூன்றாம் நாள் விலை சொல்வார். அந்த 7,500-ல் ஒரு பங்கு அவருக்கு. சில நேரம் சீட்டு எழுதும் டாக்டருக்கும் ஒரு பங்கு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக்கூடாது என்று 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளில் தெளிவாக எழுதியிருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது. கவர் மேஜை டிராயரில் இருக்கிறது.

பணம் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஆரோக்கியமாக இருப்பவர் தலையை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒரு சின்னப் புள்ளி தெரியலாம், சிறு நீர்க்கட்டி தெரியலாம். ரிப்போர்ட்டில் அது இங்கிலீஷில் நாலு வரி வரும். அதைப் படிக்க ஒரு டாக்டர், பயத்தைப் போக்க இன்னொரு டாக்டர், ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன். காலையில் பாட்டு ஓடியதற்காகப் புறப்பட்ட ஆள் இரண்டு வருடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டு மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

யார் சொல்லி எடுப்பதானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன தெரிந்தால் என் வைத்தியம் மாறும்? பதில் சொல்லத் தெரியாதவர் சொல்லி ஸ்கேன் எடுக்க வேண்டாம். வேறு அபூர்வக் காரணங்களும் உண்டுதான். அவற்றை இங்கே வரிசையாக எழுதினால் நாளைக் காலையில் அத்தனையும் உங்களுக்கு இருப்பதாகத் தோன்றும். அதனால் எழுதவில்லை.

இனி அம்மா.

உங்களுக்குப் பாட்டு தலைக்குள் ஓடுகிறது, அது நினைவு என்று உங்களுக்கே தெரிகிறது. அம்மாவுக்குப் பாட்டு வெளியிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது என்று நிஜமாகவே நம்பிச் சண்டைக்குப் போகிறார். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவே கூடாது. வயதானவர்களுக்கு, அதிலும் தனியாக இருக்கும் பெண்களுக்கு, இப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காது. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கிழவிக்கு வேண்டியது மட்டும் கேட்கும் என்று கேலி செய்திருப்பார்கள். வெளிச் சத்தம் வந்து சேராதபோது மூளையின் கேட்கும் பகுதி சும்மா இருப்பதில்லை. தன்னிடம் இருக்கும் பழைய சரக்கிலிருந்து சத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில் கேட்ட பாட்டுதான்: கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, கும்மிப் பாட்டு. இரவில் கதவு ஜன்னலைச் சாத்தி, பனிக்கு இழுத்துப் போர்த்திப் படுத்தால் வெளிச் சத்தம் இன்னும் குறைகிறது, உள்ளே பாட்டு கூடுகிறது. மழை தகரத்தில் கொட்டுகிற இரவில் பாட்டு குறைவாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் என் சந்தேகம் இன்னும் பலமாகும்.

இது பைத்தியம் இல்லை, காத்து கருப்பும் இல்லை. இதை அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவருக்கே அந்தப் பயம் இருக்கும். பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள். அதற்காக ‘அங்கே யாரும் பாடவில்லை, உனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது’ என்று அம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் கேட்பது அவருக்கு நிஜம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். உங்கள் உதட்டை அவர் பார்க்கக்கூடாது. ஒரு பக்கக் காதை, ஓட்டைக்கு முன்னால் இருக்கும் மடலை விரலால் அழுத்தி லேசாகத் தேய்த்தபடி அடைக்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, ‘நாலு, ஒன்பது, ஏழு’ என்று மூன்று எண்களைக் குசுகுசுவென்று சொல்லுங்கள். திருப்பிச் சொல்லட்டும். தப்பினால் வேறு மூன்று எண்களோடு இன்னொரு முறை. அப்புறம் அடுத்த காது. இரண்டு முறையும் சேர்த்துப் பாதிக்கு மேல் தப்பினால், அடைக்காமல் விட்ட காதுக்கு ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) அவசியம். சில நேரம் வெறும் குறும்பி அடைத்திருக்கும், எடுத்ததும் சரியாகிவிடும். அதை டாக்டர் எடுக்கட்டும். ஊக்கும் தீக்குச்சியும் சூடான எண்ணெயும் காதுக்குள் போகக்கூடாது.

மண்டபத்து முகாமுக்குப் போகாதீர்கள். பரிசோதனை இலவசம், மெஷின் இலவசம் இல்லை; சூட்சுமமே அங்கேதான். மைக் செட் அலறுகிற மண்டபத்தில் காதில் எதையோ மாட்டி, ‘கேக்குதா பாட்டி?’ என்பார்கள். கேட்கிறது என்பார் பாட்டி. உடனே பில். அங்கே விற்பதில் பல வெறும் ஒலிபெருக்கி. பேச்சு, பாத்திரச் சத்தம், லாரி ஹாரன் எல்லாவற்றையும் ஒரே அளவு பெருக்கும். நல்ல கருவி என்பது ஆடியோகிராமைப் பார்த்து, எந்தச் சுருதியில் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு அமைத்துத் தருவது. அமைத்துத் தருபவர் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கப் படித்தவராக இருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. முகாமில் கேட்டால் மழுப்புவார்கள், அடுத்த மாதம் தேடினால் ஆளே இருக்க மாட்டார்கள். மெஷின் அலமாரியில் கிடக்கும். அதைவிடக் கொடுமை, மெஷின் என்றாலே இரைச்சல் என்று முடிவு கட்டி அம்மா நல்ல கருவியையும் தொட மாட்டார். இந்த வெறுப்பை மாற்றுவது ஆபரேஷன் செய்வதை விடக் கஷ்டம்.

சரி, அரசாங்கம் இலவசமாகத் தருமே என்பீர்கள். தரும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் காது கேட்கும் திறன் குறைந்தவர் என்று கணக்கு. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபெல். 55 டெசிபெல் இழந்த பாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து பேசினாலும் முணுமுணுப்புதான் கேட்கும். சட்டத்தின் கண்ணுக்கு அவர் காது நன்றாக இருக்கிறது! சரி, 60-ஐத் தாண்டிவிட்டார் என்றே வையுங்கள். சான்றிதழுக்கு ஒரு நாள், அடையாள அட்டைக்கு ஒரு நாள், நல அலுவலகத்துக்கு ஒரு நாள் என்று மலையிலிருந்து திண்டுக்கல் வரை ஒரு 72 வயது அம்மா எத்தனை முறை இறங்கி ஏறுவது? போய்ச் சேரும் நாளில் ‘ஆடியோமெட்ரி மெஷின் ரிப்பேர்’ என்று ஒரு தாள் கதவில் ஒட்டியிருந்தால் அன்றைய கூலியும் பஸ் காசும் போச்சு. முகாம்காரன் வீட்டு வாசலுக்கே வருகிறான். யாரிடம் மக்கள் போவார்கள்? இதைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

இருந்தாலும் நீங்கள் போங்கள். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறப்படும் முன் போன் செய்து, காது மூக்கு தொண்டைப் பிரிவில் அன்றைக்கு ஆடியாலஜிஸ்ட் இருக்கிறாரா, காது சோதிக்கும் மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவி பொருந்தி, வெளிச் சத்தம் மறுபடி உள்ளே வர ஆரம்பித்தால் பலருக்குப் பாட்டு அடங்குகிறது. எல்லோருக்கும் முழுதாக நிற்கும் என்று சொல்ல மாட்டேன். அதுவரை இரவில் ஒரு ஃபேனோ, மெல்லிய சத்தத்தில் பேச்சு நிகழ்ச்சி ஓடும் ரேடியோவோ பக்கத்தில் இருக்கட்டும். பாட்டை நிறுத்தச் சொன்னது உங்களுக்கு, அம்மாவுக்கு இல்லை.

அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். சில மருந்துகளாலும் காதில் சத்தம் வரும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். மலை இறங்கியதும் காது அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது கழித்துச் சோதனைக்கு உட்காரட்டும். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். இது ரத்தப் பரிசோதனை இல்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.