கானா தலைநகர் அக்ரா சிட்டிக்குள்ளயே சாக்கடைத் தண்ணில லெட்டூஸ் விளைக்கிறாங்களாமே, நம்பி சாப்பிடலாமா?

நீங்க வேலைக்கு கானா கிளம்புறீங்க, ஏதோ வீடியோ பாத்து பயந்துட்டீங்கன்னு நினைக்கிறேன். நல்லா வேக வச்சா கிருமி பயம் இல்ல. பச்சையா சாப்பிடணும்னா வினிகர் கலந்த தண்ணில பத்து நிமிஷம் ஊறவச்சு அலசுங்க, கிருமி நல்லாவே குறையும் (மொத்தமா போயிடும்னு நான் சொல்லல, உடனே சண்டைக்கு வராதீங்க).

ஆனா அந்த விவசாயிங்கள விஷம் விக்கிறவங்க மாதிரி பேசுறத என்னால தாங்க முடியல. நான் குடியிருந்தது அக்ரால ஜோர்வுலுங்கிற ஏரியா பக்கம். ஹைடென்ஷன் லைனுக்கு கீழ வீடு கட்டக்கூடாதுல்ல, அந்த இடம் பூரா லெட்டூஸ், வெங்காயத்தாள், முட்டைக்கோஸ்னு பாத்தி பாத்தியா இருக்கும், கைக்கு ஒரு பூவாளி தூக்கிட்டு காலைலயும் சாயங்காலமும் ஊத்திட்டே இருப்பாங்க. பாதிப்பேர் வடக்குலருந்து பொழைக்க வந்தவங்க. லெட்டூஸ் அந்த வெயிலுக்கு அரை நாள்ல வாடிரும், அதான் ஊருக்குள்ளயே விளையுது. நான் வழக்கமா வாங்குற அண்ணனுக்கு விதைக்கும் கோழி எருவுக்கும் மார்க்கெட் அக்கா ஒருத்தங்க முன்பணம் குடுப்பாங்க, அப்புறம் பாத்திக்கு இவ்ளோன்னு விலையும் அவங்கதான் வைப்பாங்க. ஒருநாள் அவர் பாத்தில பாதிய புல்டோசர் விட்டு தள்ளிட்டாங்க, அறுவடைக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு. கைல பட்டா கிடையாது, யார்கிட்ட போய் கேப்பார்? மீதி பாத்திக்கு தண்ணி ஊத்தப் போயிட்டார், அந்த அக்காவோட கடன் இருக்கே.

அவர் தண்ணி எடுக்கிற ஓடைய அவரா சாக்கடை ஆக்கினார்? அம்பத்தஞ்சு லட்சம் பேர் இருக்கிற கிரேட்டர் அக்ராவோட கழிவுத் தண்ணி பெரும்பாலும் சுத்திகரிக்காமயே ஓடைக்கும் ஓடோ ஆத்துக்கும் போகுது. சாக்கடைத் தண்ணி பாய்ச்சக்கூடாதுன்னு மாநகராட்சி விதி மட்டும் இருக்கு. இத்தனைக்கும், 1972ல அச்சம்பாங்கோட ராணுவ ஆட்சில உங்க சாப்பாட்ட நீங்களே விளைச்சுக்கோங்கன்னு அரசாங்கமே சொன்ன நாடு அது. குழாய்த் தண்ணிக்கு காசு கட்டி லெட்டூஸ் வித்தா அந்த அக்கா வாங்குவாங்களா, இல்ல நீங்கதான் வாங்குவீங்களா?

விதின்னதும்தான் ஞாபகம் வருது. கானாவோட 1963 வாடகைச் சட்டப்படி ஆறு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் கேக்கக்கூடாது, எங்க ஹவுஸ் ஓனர் ரெண்டு வருஷ வாடகைய மொத்தமா டாலர்ல வாங்கிட்டார், தண்ணி டேங்க் ரிப்பேருக்கு கூப்பிட்டா ஃபோனே எடுக்க மாட்டார். லெட்டூஸ விடுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வீடு கம்பெனி தருமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.