கார் கழுவிச் சம்பாதிக்கிறேன். மெஷினுக்கு இஎம்ஐ போடலாமா?

கேள்வி: எனக்கு 17 வயது. மதுரை திருநகரில் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறார். அவரிடம் கற்றதை வைத்து, சைக்கிளில் வாளி, துணி, காற்றடிக்கும் பம்ப் எல்லாம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் கார் கழுவுகிறேன். டயர் காற்று, கூலன்ட், வைப்பர் தண்ணீர், பேட்டரி எல்லாம் பார்த்துக் கொடுப்பேன். ஒரு காருக்கு 250 ரூபாய். சனி, ஞாயிறுகளில் மாதம் 24 கார் வரை கிடைக்கிறது. பணம் அம்மாவின் ஜிபேக்குப் போகிறது. மாதக் கடைசியில் எங்கே போனது என்றே தெரிவதில்லை. பிரஷர் வாஷரும் வேக்குவம் கிளீனரும் சேர்த்து 18,000 ரூபாய் சொல்கிறார்கள். அப்பா பெயரில் இஎம்ஐ போட்டு வாங்கலாமா சார்? மீதிப் பணத்தை எதில் போடுவது?
- வாசகர், திருநகர்

பதில்: தம்பி, இஎம்ஐ வேண்டாம். ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம்.

மாதம் 24 கார் என்றால் 6,000 ரூபாய். ஷாம்பு, துணி, டிஸ்டில்டு வாட்டர் என்று காருக்கு 30 ரூபாய் செலவு வைத்தால், கையில் நிற்பது 220. மாதத்துக்கு 5,280. சைக்கிளில் போய்வரும் நேரத்தையும் சேர்த்து ஒரு காருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்தால் 36 மணி நேர உழைப்பு. மணிக்கு 146 ரூபாய்க்கு மேல் வருகிறது. படிக்கிற பையனுக்கு இது நல்ல வருமானம். முதலில் அதற்கு என் பாராட்டு.

இப்போது மெஷினுக்கு வருவோம். 18,000 ரூபாயை 12 மாதத் தவணை போட்டால், வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,500. அதாவது ஒவ்வொரு மாதமும் முதல் ஏழு கார்களைத் தவணைக்காகவே கழுவ வேண்டும். சரி, மெஷின் வந்தால் கார் கூடுமா? சைக்கிளில் அதை எப்படிக் கொண்டுபோவீர்கள்? போன இடத்தில் வாசலுக்குப் பக்கத்தில் குழாயும் பிளக் பாயிண்ட்டும் இருக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் ஹோஸைப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். உங்களுக்கு இரண்டு வாளியே போதுகிறது. அதை ஒரு பலமாகவே பாருங்கள். தவிர, 18 வயது ஆகாத உங்களால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. தேர்வு மாதத்தில் நீங்கள் வேலைக்குப் போகாவிட்டாலும் தவணை போகும். தவறினால் கெடுவது அப்பாவின் கடன் வரலாறு.

அதே 1,500 ரூபாயை வங்கியில் ஓராண்டு ஆர்டியில், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்கில், போடுங்கள். ஆண்டு முடிவில் 18,000 ரூபாயும் கூடவே சில நூறு ரூபாய் வட்டியும் கையில் இருக்கும். அதற்குள் உங்களுக்கு 18 வயது ஆகிவிடும். அப்போதும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால் ரொக்கமாக வாங்குங்கள். லைசென்ஸ், ஐடிஐ என்று வேறு தேவை வந்தாலும் அந்தப் பணம் உதவும்.

உண்மையில் உங்களுக்குப் பணம் கூடப்போவது கழுவுவதில் இல்லை, பார்த்துச் சொல்வதில். போன வருடம் என் பழைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் வயதுப் பையன் ஒருவன் பானட்டைத் திறந்து காட்டினான். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றினான். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தான். மாட்டியபின் மேலே கொஞ்சம் வேஸ்லின். இருபது நிமிட வேலை. 200 ரூபாய் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

இந்த மாதிரி வேலையை மாதாந்தரப் பார்வையாக்குங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் அதை ஒட்டிய காரின் தூணில் காற்று அளவு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் காற்று வையுங்கள். பலரும் மறந்துவிடும் ஸ்டெப்னியையும் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது என்பதை அப்பா சொல்லியிருப்பார். நம் ஊரில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. கறுப்பு காரில் அது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். வெயில் ஏறுமுன் நிழலில் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இதற்கெல்லாம் தேவை ஒரு நல்ல ஏர் கேஜ், பேட்டரி வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீட்டர், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு மாத வருமானத்திலேயே வாங்கிவிடலாம். ஆயில் மாற்றுவது, பிரேக்கைப் பிரிப்பது, ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் போவது, இவை மூன்றும் இப்போது உங்கள் வேலை இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. "தம்பி, கொஞ்சம் பின்னால எடுத்து விடுப்பா" என்று யாராவது சாவியை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். ஓட்டத் தெரிந்திருந்தாலும் வாங்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் தெருவில் வண்டி எடுத்துச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. உங்களுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டியை நம்பிப் பிழைக்கப் போகிற பையனுக்கு ஏழெட்டு வருடம் லைசென்ஸ் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும்.

இனி அம்மாவின் ஜிபே. அம்மா மேல் தவறில்லை. பால், கேஸ், கறிகாய் எல்லாம் அதே கணக்கில்தானே போகிறது! 10 வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ஆதாரை எடுத்துக்கொண்டு அம்மாவோடு வங்கிக்குப் போங்கள். யுபிஐ தருவார்களா என்று கேட்டுவிட்டுத் திறங்கள். இல்லையென்றால் ஞாயிறு இரவே வந்ததை முழுவதும் உங்கள் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

5,280 ரூபாயில் ஆர்டிக்கு 1,500. வீட்டுக்கு 1,500, அதை நீங்களே அம்மா கையில் கொடுங்கள். சாமானுக்கும், கார் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் சரிசெய்வதற்கும் 1,000. தபால் அலுவலக ஐந்தாண்டு ஆர்டியில் 500, இன்றைய 6.7 சதவீத வட்டி விகிதத்தில் 30,000 ரூபாய் கட்டினால் சுமார் 35,700 கிடைக்கும். மீதி 780 உங்கள் கைச்செலவு. உறவுக்காரர் யாராவது பாலிசி, தீபாவளிச் சீட்டு என்று வந்தால், 18 வயது ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம். பிள்ளைகளின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பார்கள். ஆனால் சொந்த உழைப்பில், திறமையில் வந்த பணத்துக்கு அது கிடையாது. ஆண்டுக்கு 72,000 ரூபாய் வரி வரம்புக்கு வெகு கீழே. ஆர்டி வட்டி மட்டும் அப்பா கணக்கில் சேரும். சில நூறு ரூபாய்தான்.

ஒரு 40 பக்க நோட்டு போடுங்கள். கார் நம்பர், வந்த தேதி, வைத்த காற்று, பேட்டரி வோல்ட், வாங்கிய பணம். பொதுத்தேர்வு மார்ச்சில். பொங்கல் முடிந்ததும் வேலையைப் பாதியாகக் குறைத்து, பிப்ரவரி, மார்ச்சில் முழுக்க நிறுத்துங்கள். அந்த இரண்டு மாத ஆர்டிக்காக இப்போதிருந்தே கைச்செலவில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நிறுத்துவதற்கு முன்பே நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், தேர்வு முடிந்த முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வருகிறேன் என்று தேதியோடு சொல்லி வையுங்கள்.