டார்க் சோல்ஸ் வீடியோ கேமில் புதையல் பெட்டியே ஆளை விழுங்குகிறதே, முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் சென்ஸ் ஃபோர்ட்ரஸ் என்ற கோட்டையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் பாகத்தில் (2011) புதிதாக ஆடுகிறவர்கள் பலர் மிமிக்கின் (பெட்டி போல வேடமிட்ட அரக்கன்) வாய்க்குள் போவது அங்கேதான்.

திறக்கும் முன் பெட்டியின் வலப்பக்கத்துச் சங்கிலியைப் பாருங்கள். நிஜப் பெட்டி என்றால் அது பின்பக்கமாகச் சுருண்டு கிடக்கும். மிமிக் என்றால் சுருளாமல் நேராக, உங்கள் பக்கமாக நீண்டிருக்கும். மூன்றாம் பாகத்திலும் (2016) இதே அடையாளம்தான். அதில் சற்று நேரம் நின்று கவனித்தால் பெட்டி மூச்சு விடுவதும் தெரியும்.

"எந்தப் பெட்டியானாலும் முதலில் ஒரு அடி போடு" என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். எந்தப் பாகம் ஆடுகிறாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. முதல் பாகத்தில் அடிக்கலாம், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாம் பாகத்தில் (2014) மரப்பெட்டியை அடித்தால் உடைந்துபோகும், உள்ளே இருந்த பொருளும் குப்பையாகிவிடும்.

மிமிக் என்று உறுதியானால் சண்டையே வேண்டாம். லாயிட்ஸ் டாலிஸ்மன் என்ற எறிபொருள் ஒன்றை அதன்மேல் எறியுங்கள், தூங்கிவிடும். பக்கத்தில் போய்ச் சாதாரணப் பெட்டி போலத் திறந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். சென்ஸ் ஃபோர்ட்ரஸ் மிமிக்கிடம் இருப்பது லைட்னிங் ஸ்பியர் என்ற மின்னல் ஈட்டி, விட்டுவிடாதீர்கள். மூன்றாம் பாகத்தில் இதே வேலைக்கு அன்டெட் ஹன்டர் சார்ம். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் இருக்கிறார்கள். கேமே கொடுத்த பொருளைப் பயன்படுத்துவதில் என்ன ஏமாற்று?

டாலிஸ்மன் இல்லையென்றால் ஆயுதத்தை இரு கையால் பிடித்து முதல் அடியை நீங்களே அடியுங்கள். அது நெட்டைக் கால்களில் எழுந்து நின்றதும் பின்வாங்குங்கள். உதையை ஷீல்டில் தாங்கலாம். பிடித்து விழுங்க வரும்போது மட்டும் ஷீல்டு உதவாது, அப்படியே தூக்கி வாயில் போட்டு மென்றுவிடும். கையை விரித்து எட்டுவது தெரிந்தவுடனே உருண்டு விலகுங்கள். ஹெல்த் நிறைய இருந்தால் மென்று துப்பிய பிறகும் பிழைக்கலாம், அதை நம்பி ஆடாதீர்கள். முதல் பாகத்தில் ஒருமுறை கொன்றுவிட்டால் அந்த மிமிக் திரும்ப வராது.

சில சமயம் அதன் தலையே கிடைக்கும், பெயர் சிம்பல் ஆஃப் அவாரிஸ். அணிந்தால் சோல்ஸும் (கேமில் பணம் போலச் செலவழிப்பது) பொருளும் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ஹெல்த் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டே இருக்கும். எதிரி சாகப்போகும் நேரத்தில் மாட்டிக்கொண்டு, உடனே கழற்றிவிடுங்கள்.