மாமா தரும் வட்டியில்லா முன்பணம்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அப்பா, நான், தங்கை வீட்டுக்காரர் மூவரும் ஒரே ஃபைபர் படகில் தொழில் செய்கிறோம். நீளத் தண்டின் முனையில் புரொப்பல்லர் சுற்றும் பழைய டீசல் லாங்டெயில் எஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. படகின் பின்புறம் வெளியே மாட்டுகிற பெட்ரோல் எஞ்சினான அவுட்போர்டு வாங்கலாம் என்கிறார் மச்சான். அப்பாவோ படகுக்குள்ளேயே பொருத்துகிற டீசல் இன்போர்டே போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். 15 குதிரைத்திறன் அவுட்போர்டுக்குக் கடையில் 2.40 லட்சம் கேட்கிறார்கள். எங்கள் மீனை ஏலம் போடும் தாய்மாமன் 1.50 லட்சம் வட்டியில்லாமல் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் ஏற்கெனவே 80,000 பாக்கி இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் எஞ்சின். மாமாவுக்குக் கடைசி ஐந்து வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டது அந்த ஐந்து வரியில்.

எஞ்சின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அலை அடிக்கும் திறந்த கரையில் படகை ஏற்றி இறக்குகிறவர்கள் நீங்கள். படகின் அடியில் தண்டும் புரொப்பல்லரும் நிரந்தரமாகப் பொருத்திய இன்போர்டு உங்களுக்கு ஆகாது. மணலில் இடித்து வளையும். முகத்துவாரத்திலோ துறைமுகத்திலோ கட்டி வைக்கிற வள்ளத்துக்குத்தான் அது சரி. ஆக, போட்டி லாங்டெயிலுக்கும் அவுட்போர்டுக்கும் இடையில்தான். இரண்டையும் கரை வரும்போது தூக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதிய அளவுப்படி, ஒரு நாளைக்கு இப்போது டீசல் 12 லிட்டர். லிட்டர் 92 என்று வைத்தால் 1,100 ரூபாய். பக்கத்துப் படகின் அவுட்போர்டு 20 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்கிறீர்கள். அது 2,000. நாளுக்கு 900 அதிகம், 20 நாள் கடலுக்குப் போனால் மாதம் 18,000. வரிவிலக்கு டீசலும் மானிய மண்ணெண்ணெயும் கிடைக்கிற மாதத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் செலவு தனி.

அப்படியும் அவுட்போர்டு வாங்குகிறார்களே, ஏன்? வேகம். விடியற்காலை ஏலத்துக்கு முதல் ஆளாகக் கரை சேர்ந்தால் நல்ல விலை கிடைக்கும். மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில், சீக்கிரம் வந்து யாரிடம் விற்பீர்கள்? பாக்கி தீரும்வரை மாமாவிடம்தானே. நீங்கள் ஐந்து மணிக்கு வந்தாலும் எட்டு மணிக்கு வந்தாலும் விலை வைப்பது அவர்தான்.

அந்த ஐந்து வரிக்கு வருகிறேன். மற்ற ஏலக்காரர்களிடம் கமிஷன் நூற்றுக்கு 5, மாமா பிடிப்பது 10. அதோடு அவர் ஏலம் போட்டால் விலையும் நூற்றுக்கு ஐந்து ரூபாயாவது குறைவாகத்தான் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மீன் போகிறது. அப்படியென்றால் மாதம் 10,000 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. வருடத்துக்கு 1.20 லட்சம். மழைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களைக் கழித்து ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80,000 ரூபாய் கடனுக்கு! அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு வாங்கக் கூச்சப்படுவார். இதற்கு மேல் இன்னொரு 1.50 லட்சம் வாங்கினால் உங்கள் பிள்ளை காலத்திலும் அந்த நோட்டு மூடாது.

மாமா தங்கை கல்யாணத்துக்கு முன்னால் நின்றவர், அவர் மனம் நோகக்கூடாது என்கிறீர்கள். சரி. நன்றிக்கடனை வேறு விதமாகத் தீருங்கள், மீனில் தீர்க்க வேண்டாம்.

நகையை அடகு வைக்கச் சொல்லி நான் யாருக்கும் எளிதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பவுன் இருக்கிறதாமே, அதில் இரண்டரை பவுன் போதும். தனியார் கடைக்குப் போகாமல், கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ 80,000 வாங்குங்கள். வருட வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 600 ரூபாய். பத்தாயிரம் போகிற இடத்தில் அறுநூறு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மாமா கையில் கொடுத்து, நோட்டில் கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பேச்சு வளராது. மிச்சமாகும் பத்தாயிரத்தை மாதாமாதம் போட்டால் எட்டொன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

ஐஸ், வலை, எண்ணெய்க்குக் கை நீட்டித்தான் முதல் முன்பணமே ஆரம்பித்திருக்கிறது. அதற்குக் கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் தருகிறார்கள். 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். இது நடைமுறைச் செலவுக்கான கடன், இதில் எஞ்சின் வாங்கப் பார்க்காதீர்கள்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை: கையில் காசில்லாமலே மாதத் தவணையில் 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் தருகிறார்கள் என்று கடைக்காரர் காட்டிய நோட்டீசை மடித்து வையுங்கள். நவம்பரில் புயல் சின்னம் வந்து பத்து நாள் படகு கரையில் கிடந்தாலும் தவணை கிடக்காது.

இப்போதைக்கு மெக்கானிக் சொன்ன 25,000 ரூபாய்க்கு லாங்டெயிலைப் பிரித்து வேலை பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் பெரிய விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளில் உங்கள் மீனுக்கு நல்ல விலை. அதற்குள் மாமா கணக்கை முடித்திருந்தால் அந்த விலை முழுசாக உங்கள் வீட்டுக்கு வரும். நகையும் திரும்பிய பிறகு அவுட்போர்டுக்குச் சேர்க்க ஆரம்பியுங்கள். வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் மானியத்துக்கு எழுதிக் கொடுங்கள், வாங்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள்.