நான் கவனித்ததால்தான் மகனுக்கு இந்த வருத்தம் வந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்கிறான். ஸ்கிட்ஸோஃப்ரினியா என்று கிளினிக்கில் சொல்லிக் குளிசை தந்திருக்கிறார்கள். உளவியல் டிப்ளோமா படிக்கும் என் தங்கச்சியின் மகள், "பெரியம்மா, இது கற்றுக்கொண்ட பழக்கம். குரல் கேட்குது என்றதும் நீங்கள் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருக்கிறபடியால்தான் கூடுது" என்கிறாள். குளிசையை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாளைக்குக் கண்டுகொள்ளாமல் விட்டுப்பார் என்கிறார் என் அண்ணன். நான்தான் இதைப் பழக்கிவிட்டேனா மிஸ்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை அம்மா, நீங்கள் பழக்கவில்லை. டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இந்த வேலையில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்தான்.

உங்கள் பெறாமகள் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் உல்மன், கிராஸ்னர் இருவரும் 1969இல் இந்த நோயைக் கற்றல் கோட்பாட்டைக் கொண்டு இப்படி விளக்கினார்கள்: சாதாரணமாகப் பேசிப் பழகும்போது யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவர், வழக்கமாக மனிதர் கவனிக்கிற விஷயங்களில் கவனம் வைப்பதை விட்டுவிடுகிறார். விசித்திரமாக ஏதாவது செய்தால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கவனமே பரிசாகி, அந்த நடத்தை நிலைத்துவிடுகிறது.

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவை அதற்குச் சற்று முன்பே கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண மனநல மருத்துவமனையில் நடந்தவை. அங்கே அய்லோன், ஹாட்டன் என்ற ஆய்வாளர்கள், தன்னை மகாராணி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளியைக் கவனித்தார்கள். மகாராணிக் கதைக்கு மிஸ்ஸிமார் காது கொடுத்தபோது அந்தக் கதை கூடியது. அதை விட்டுச் சாதாரணப் பேச்சுக்கு மட்டும் காது கொடுத்தபோது குறைந்தது. இது 1964இல் வெளிவந்தது. அடுத்த வருடம் வெளியானது இன்னும் சுவையானது. எந்த வேலையும் செய்யாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு, தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிகரெட் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் தும்புத்தடியும் கையுமாகவே திரிந்தார். நடந்தது தெரியாத ஒரு மனநல மருத்துவர் அவரைப் பார்த்து, அது ஒரு அரசியின் செங்கோலாக இருக்கலாம் என்ற அளவுக்கு ஆழமான விளக்கம் கொடுத்தார். சிகரெட் நின்றதும் தும்புத்தடியும் போய்விட்டது.

எனக்கு இந்த ஆய்வில் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது காட்டியது என்ன? நோய் அறிகுறி போலத் தெரியும் ஒரு நடத்தையைப் பழக்கவும் முடியும், நிறுத்தவும் முடியும் என்பதை. அந்தப் பெண் தும்புத்தடி கைக்கு வருவதற்கு முன்பே நோயாளி, அது போன பிறகும் நோயாளி. மகாராணிக் கதை குறைந்தது என்றால் வெளியே சொல்வது குறைந்தது. உள்ளே அவர் என்ன நம்பினார் என்பதை யார் அளந்தார்கள்? முட்டு வருத்தம் உள்ள பிள்ளை தாய் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக இருமலாம். அதற்காகத் தாயால் முட்டு வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

நோயின் வேரைத் தேடினால் கதை வேறு. 1966இல் ஹெஸ்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஸ்கிட்ஸோஃப்ரினியா உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். 5 பேருக்கு அதே நோய் இருந்தது. அந்த நோய் இல்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்தத் தாய்மாரிடம் எதையும் கற்றுக்கொள்ள அந்தப் பிள்ளைகளுக்கு நாளே இருக்கவில்லை. பரம்பரை மட்டுமே காரணம் என்றும் இதை வாசித்துவிட வேண்டாம். உருவம் முதல் எல்லாம் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போவதும் நிறைய உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்வது? அண்ணன் சொல்வதுபோல் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் தனித்துப்போவான். குரல் கேட்கிறது என்றால் "எனக்குக் கேட்கவில்லை மகன், ஆனால் உனக்குப் பயமாக இருக்கிறது என்று விளங்குது" என்று சொல்லுங்கள். வாதாட வேண்டாம், விசாரணையும் வேண்டாம். குரல் இல்லாத நேரத்தில்தான் அவனோடு கூடுதலாக இருங்கள்: தேத்தண்ணி குடிக்கும்போது, கிரிக்கெட் பார்க்கும்போது, பின்னேரம் கடைக்குப் போகும்போது. கற்றல் கோட்பாட்டில் உங்களுக்கு உதவும் பகுதி இதுதான், பெறாமகளிடமும் சொல்லுங்கள். வீட்டில் ஓயாத குறைகூறலும் கோபமும் அளவுக்கு மீறிப் பொத்திப்பொத்திக் காப்பதும் இருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கூடும் என்பதை லண்டனில் வோன், லெஃப் இருவரும் 1976இல் காட்டினார்கள். அண்ணன் வந்து "சும்மா நடிக்கிறான்" என்று சத்தம் போடுபவராக இருந்தால், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். தன்னையோ வேறு ஒருவரையோ காயப்படுத்தச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கொடை என்ற பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் ஊர் இது. அந்தப் பேச்சுக்குப் பயந்து தாமதிக்காதீர்கள்.

கேள்வி: நல்ல நடத்தைக்கு டோக்கன் கொடுத்து, அதை விரும்பிய பொருளுக்கு மாற்றிக்கொள்ள விடும் முறையை, இதே நோய் உள்ள என் தம்பிக்கு வீட்டில் செய்யலாமா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: வார்ட்டில் அது பலன் தந்திருக்கிறது. போல், லென்ட்ஸ் இருவரின் 1977 ஆய்வில், நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர்கள் தாமாகக் குளித்து உடுத்துப் பழகி வெளியே வர அது நன்றாகவே உதவியது. குரலை நிறுத்தும் மருந்தாக அதை எண்ண வேண்டாம். வீட்டில் செய்வதென்றால் தம்பியின் சம்மதத்தோடு, அவர் தானே தெரிவு செய்த ஒரு சின்ன வேலைக்கு மட்டும் செய்யுங்கள். சாப்பாட்டையும் கதைபேச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் டோக்கனில் கட்டாதீர்கள். அவை அவருக்கு உரிமையானவை.