சிப்பி குத்தினால் வலிக்கு முன்னமே கால் எழும்புவது எப்படி?

கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கையில் சிப்பி ஓடு குத்தினால், வலி தெரிய முன்னமே கால் எழும்பிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் செய்வது மூளை இல்லை, முண்ணாண். பாதத்திலிருந்து வரும் கணத்தாக்கம், அதாவது நரம்புவழி வரும் செய்தி, முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணை அடைந்ததும், அங்கிருந்தே கால் தசைக்குக் கட்டளை திரும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் தெறிவில் என்று படித்தது இதைத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மற்றக் கால்தான். குத்துப்பட்டது மடங்கும்போதே அது விறைத்து முழு உடம்பையும் தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் மணலில் விழுந்துவிடுவோம். அதுவும் முண்ணாணின் ஏற்பாடே.

செய்தி மூளையின் பெரும்பகுதியான மூளையத்துக்குப் போன பிறகுதான் "ஆ" என்று கத்துகிறோம். அப்புறம் வரும் காந்தலுக்கு இன்னும் தாமதம். அதைக் கொண்டுவரும் மெல்லிய நரம்புநார்களின் வேகம் செக்கனுக்குச் சுமார் 1 மீற்றர்தான்.